சக்திக்கு மீறிய சுமை: கேட்டுப் பார்ப்பது யார் மீது கடமை?



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், சத்திய ஸஹாபாக்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வின் நல்லடியார்களே!

வேலை செய்யும் இடத்தில் ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கி நசுங்கினால் அதற்கு முதலாளி பொறுப்பாளி. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதே மனிதர் அந்த வேலையாலேயே தூக்கம் இழந்தால்? காலையில் கடையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடம் பேசக்கூட முடியவில்லை, ‘இப்படி வாழ்வதற்கு…’ என்ற எண்ணம் வர ஆரம்பிக்கிறது என்றால் அதற்கு யார் பொறுப்பு?

‘அது அவன் மனசு சம்பந்தப்பட்ட விஷயம், நாம் என்ன செய்ய முடியும்?’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். உடலுக்கு வந்த காயத்தை முதலாளியின் கணக்கில் எழுதுகிறோம். உள்ளத்துக்கு வந்த காயத்தைத் தொழிலாளியின் கணக்கில் எழுதுகிறோம். இந்தக் கணக்கு மார்க்கத்தின் பார்வையில் சரிதானா என்பதைத்தான் இன்றைய ஜும்ஆவில் பார்க்க இருக்கிறோம்.

ஒரே ஹதீஸில் இரண்டு காயங்கள்

அபூதர் (ரலி) அவர்கள் ரப்தா என்ற இடத்தில் இருந்தபோது அவர்களைப் பார்க்க மஃரூர் என்ற தாபிஈ வருகிறார். அபூதர் அணிந்திருந்த அதே தரத்தில் அவருடைய பணியாளும் உடை அணிந்திருக்கிறார். ஆச்சரியப்பட்டுக் காரணம் கேட்கிறார். அபூதர் (ரலி) தம் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். ஒருவரோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில் அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போனது. பெருமானார் (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். அதைத் தொடர்ந்து சொன்னார்கள்: உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அல்லாஹ் அவர்களை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறான், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையை அவர்கள் மீது சுமத்தாதீர்கள், அப்படிச் சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள். (கருத்து, நூல்: புகாரி, முஸ்லிம்)

இந்த ஹதீஸைச் சுமையைப் பற்றிய ஹதீஸாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது எங்கே ஆரம்பித்தது என்பதை மறந்துவிடுகிறோம். அங்கே யாருடைய கையும் உடையவில்லை, யாருடைய கூலியும் பறிக்கப்படவில்லை. ஒரு சொல்தான் சொல்லப்பட்டது. உள்ளத்தில் பட்ட அந்தக் காயத்திலிருந்து தொடங்கித்தான் நபி (ஸல்) அவர்கள் உணவு, உடை, வேலைப் பளு என்று ஒவ்வொன்றாகச் சட்டம் சொல்கிறார்கள். இழிவான பேச்சும் தாங்க முடியாத வேலையும் ஒரே உபதேசத்தில் வருகின்றன. உலகம் இன்று ‘பணியிட மனநல அபாயங்கள்’ என்று பட்டியல் போடும்போது அதில் முதல் வரிசையில் வருபவையும் இந்த இரண்டும்தான்.

அடிமைகளுக்கே இந்த உரிமை என்றால், ஒப்பந்தம் பேசி, கூலிக்கு வந்த சுதந்திரமான மனிதருக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

அளவு தெரியாமல் எப்படிக் கட்டுப்படுவது?

சக்திக்கு மீறிச் சுமத்தாதே என்பது கட்டளை. ஒருவருடைய சக்தி எவ்வளவு என்று தெரியாமல் இந்தக் கட்டளைக்கு எப்படிக் கட்டுப்பட முடியும்?

எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று சூரத்துல் பகராவின் கடைசி ஆயத்து கூறுகிறது (2:286). படைத்தவனுக்குப் படைப்பின் அளவு தெரியும். அவன் யாரையும் கேட்கத் தேவையில்லை. நமக்கோ பக்கத்தில் நிற்பவரின் வலிகூடத் தெரியாது. எனவே நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு கடமையை எது இல்லாமல் நிறைவேற்ற முடியாதோ அதுவும் கடமையாகிவிடும். உஸூலுல் ஃபிக்ஹில் நாம் படிக்கும் அடிப்படை விதி இது. புதிய ஊரில் தொழுகை நேரம் வந்துவிட்டது, கிப்லா தெரியவில்லை என்றால், ‘தெரியவில்லை’ என்று சொல்லி ஏதோ ஒரு பக்கம் பார்த்து நின்றுவிட முடியாது. விசாரிக்க வேண்டும், சூரியனைப் பார்க்க வேண்டும். தேடுவதும் தொழுகையோடு சேர்ந்த கடமை. அதுபோல, அளவு மீறிச் சுமத்துவது ஹராம் என்றால், அளவைத் தெரிந்துகொள்ள முயல்வதும் வேலை கொடுப்பவர் மீது கடமை. தொழிலாளி வந்து புகார் சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது.

இதற்குக் குர்ஆனிலேயே அழகான முன்மாதிரி இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் மத்யனுக்கு வந்து நிற்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் வேலையும் கொடுத்து, தம் மகளையும் மணமுடித்துக் கொடுக்க முன்வருகிறார். அவர் ஷுஐப் (அலை) அவர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகள் வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்ற கருத்தில் அவர் பேசுகிறார் (28:27). கவனியுங்கள்! எதிரே நிற்பவர் ஓர் அகதி. எந்த நிபந்தனை போட்டாலும் ஒத்துக்கொள்ளும் நிலையில் இருப்பவர். அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. சிரமத்தைப் பற்றிய பேச்சை எடுத்தவர் வேலை கொடுத்தவர்தான். அதுவும் வேலை தொடங்கும் முன்பே!

அதே மூஸா (அலை) அவர்கள்தான் பின்னால் மிஃராஜ் இரவில் நம் நபி (ஸல்) அவர்களிடம், ஐம்பது வேளைத் தொழுகையை உங்கள் சமுதாயம் தாங்காது, நான் மக்களோடு பழகிச் சோதித்துப் பார்த்தவன், திரும்பிப் போய்க் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று சொன்னார்கள். சுமையை அறிந்தவர் மற்றவர் முதுகில் அது ஏறும் முன்பே பேசினார். நாம் இன்று ஐந்து வேளை தொழுகிறோம்.

நாட்டின் சட்டம் எங்கே நிற்கிறது?

முஸ்லிம்கள் வாழும் நாட்டின் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 1989-இல் வந்த சட்ட நெறிப்படி, வேலையிலுள்ள ஆபத்துகளை முதலாளியே முன்கூட்டி மதிப்பிட வேண்டும். ஜெர்மனி 2013-இல் அதில் மன அழுத்தத்தையும் வெளிப்படையாகச் சேர்த்தது. ஜப்பானில் 2015 டிசம்பர் முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் உலகில் வீணாகின்றன.

நம் நாட்டில்? போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளரின் பாதுகாப்பும் ஆரோக்கியமும் நலனும் ஆலை நடத்துபவரின் பொதுக் கடமை என்று எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், காயமோ தொழில்சார் நோயோ உண்டாக்கும் ஆபத்து பணியிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதிலுள்ள தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஈய நஞ்சு இருக்கிறது, நுரையீரல் நோய் இருக்கிறது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருக்கிறது, மனநோய் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-லேயே தன் பட்டியலில் மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது.

உள்ளத்தை நெருங்கி வரும் சட்டம் பெண்களுக்காக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பாலியல் தொல்லையோடு தொடர்புடைய மிரட்டலையும், உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய இழிவான நடத்தையையும் அது கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு வைக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள், வீட்டு வேலை செய்பவர்கள் உட்பட, மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம்.

தமிழ்நாட்டில் 2021-இல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் ஊழியர்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்கார இருக்கை போட வேண்டும் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்கு எவ்வளவு செலவாகும்? பணம் இல்லாமலா போடாமல் இருந்தோம்? ‘கால் வலிக்கிறதா?’ என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். காலைப் பற்றியே கேட்காதவர் மனதைப் பற்றி எங்கே கேட்கப்போகிறார்?

2024-இல் புனேயில் ஓர் இளம்பெண், 26 வயது, கணக்காளர் படிப்பு முடித்துப் பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த நான்கு மாதத்தில் இறந்துபோனார். வேலைப் பளு என் மகளை அழித்துவிட்டது என்று தாய் எழுதிய கடிதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. நிறுவனத் தரப்பு அதை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது: எல்லாக் கேள்விகளும் மவுத்துக்குப் பிறகுதான் கேட்கப்பட்டன.

நம் கரையில்

‘ஹஜரத், இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. தொண்டியில் யார் கம்பெனி நடத்துகிறார்கள்?’ என்று நினைக்கலாம். நம் ஜமாஅத்தில் சென்னையிலும் மலேசியாவிலும் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே ஜவுளிக்கடை, மளிகைக்கடை, ஹோட்டல் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒருவர் நம்மிடம் வேலை செய்தாலும் நாம் முதலாளிதான்.

கடலைப் பாருங்கள். நம்புதாளை, சோளியக்குடி, தொண்டி என்று இந்தக் கரையிலிருந்து எத்தனை படகுகள் போகின்றன! பாக் நீரிணையில் 1974-இல் எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. கோடு காகிதத்தில் இருக்கிறது, தண்ணீரில் தெரியாது. எல்லை தாண்டினால் பிடிபடலாம், சிறைக்குப் போகலாம், படகும் போகலாம். படகின் உரிமையாளர் கரையில் இருந்துகொண்டு, ‘வெறும் வலையோடு திரும்பி வராதே’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், இரவு முழுக்க அந்தப் பயத்தைச் சுமப்பவர் யார்? 61 நாள் தடைக்காலத்தில் குடும்பச் செலவுக்கு வாங்கிய முன்பணம் கழுத்தில் இருக்கும்போது அவரால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? இந்தப் பயத்தை எந்த அதிகாரி வந்து அளந்து பார்த்தார்? படகுக்காரர்தானே அளக்க வேண்டும்!

வளைகுடா நாடுகளில் கோடை மாதங்களில் நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தடை இருக்கிறது. நல்ல சட்டம். சபர் போயிருக்கும் நம் பிள்ளைகளின் தோலை அது காப்பாற்றுகிறது. ஆனால் மூன்று மாதச் சம்பளம் வராமல், பாஸ்போர்ட் இன்னொருவர் பெட்டியில் இருக்க, ஊரில் பிறந்த பிள்ளையின் முகத்தை போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரின் உள்ளத்துக்கு எந்த வெயில்மானி இருக்கிறது? அங்கே நம் பிள்ளைக்கு நடந்தால் அநியாயம் என்கிறோம். பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர்களில் வேலை செய்யும் பிள்ளைக்கும் ஒரு தாய் அங்கே இருக்கிறாள்.

மூன்று மறுப்புகள்

முதலாவது: ‘உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான். எனக்கு எப்படித் தெரியும்?’ உண்மைதான். உள்ளத்தைத் துருவிப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ்வே தடுத்திருக்கிறான் (49:12). நாம் ஆராய வேண்டியது மனிதரின் அந்தரங்கத்தை அல்ல, நாம் கொடுக்கும் வேலையை. எத்தனை மணி நேரம்? எத்தனை நாள் விடுப்பு? யார் முன்னால் திட்டுகிறோம்? சம்பளத் தேதி எது? இவையெல்லாம் உள்ளத்தின் இரகசியங்கள் அல்ல, நம் கையால் நாமே செய்பவை. ஜப்பானியச் சட்டத்திலும், பரிசோதனை முடிவைத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது.

இரண்டாவது: ‘ஈமான் பலமாக இருந்தால் மன அழுத்தம் வருமா? ஸப்ர் செய்ய வேண்டியதுதானே!’ யஃகூப் (அலை) அவர்கள் நபி. ஸப்ருக்கு உதாரணமானவர்கள். கவலையால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் சொல்கிறது (12:84). அவர்களுக்கு ஈமான் குறைவா? நம் நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அதே துஆவில் கடனின் சுமையிலிருந்தும், மனிதர்கள் அடக்கி மிகைப்பதிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள் (கருத்து; நூல்: புகாரி). மன வேதனையும், கடனும், ஆதிக்கமும் ஒன்றாக வரும் என்பது அந்த துஆவிலேயே இருக்கிறது. ஸப்ர் என்பது துன்பப்படுபவர் அல்லாஹ்வுக்காகச் செய்யும் அமல். துன்பம் கொடுப்பவர் அதை எதிரே இருப்பவரிடம் கேட்டு வாங்க உரிமை கிடையாது.

மூன்றாவது: ‘நாங்களும் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றோம்.’ அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களிடம் பணி செய்தார்கள். ஒருமுறைகூடச் ‘சீ’ என்று சொல்லவில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள் (கருத்து, நூல்: புகாரி, முஸ்லிம்). திட்டு வாங்காமல் வளர்ந்த அந்தச் சிறுவர் இந்த உம்மத்தின் மிகப்பெரிய ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒருவரானார். விளையாட்டுக்கு என்றும் தப்பிக்க முடியாது. ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழரின் பொருளை இன்னொருவர் எடுக்கப் போக, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (கருத்து, நூல்: அபூதாவூத்). ஒரு நொடிப் பயத்துக்கே இந்தச் சட்டம் என்றால், தினமும் பயத்தோடு கடை வாசலை மிதிப்பவருக்கு?

இதனால் வேலையே வாங்கக் கூடாது, தவறைச் சொல்லக் கூடாது என்று ஆகாது. தொழிலாளியிடமும் அமானத் இருக்கிறது. வாங்கும் கூலிக்கு நேர்மையாக உழைப்பது அவர் மீது கடமை. மத்யனில் எட்டு ஆண்டு வேலை கடுமையானதுதான். உழைப்பின் களைப்பு வேறு, அநியாயத்தின் களைப்பு வேறு. முதலாவது ஓர் இரவுத் தூக்கத்தில் போய்விடும், இரண்டாவது தூக்கத்தையே எடுத்துவிடும்.

என்ன கேட்க வேண்டும்?

அன்பானவர்களே! நம்மிடம் வேலை செய்பவரைத் தனியாக, மரியாதையாக, ஆண்டுக்கு இரண்டு முறையாவது உட்கார வைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். இந்த வேலையில் உங்களுக்குத் தாங்க முடியாதது எது? ஓய்வும் தூக்கமும் தொழுகை நேரமும் கிடைக்கிறதா? நானோ, என் மேனேஜரோ, வாடிக்கையாளரோ உங்களை இழிவாகப் பேசுகிறோமா? சம்பளமும் முன்பணக் கணக்கும் உங்களுக்குத் தெளிவாக இருக்கிறதா? எனக்குத் தெரியாமல் எதையாவது பயந்துகொண்டு இருக்கிறீர்களா?

சொன்ன பதிலுக்காக அவரைத் தண்டித்துவிடாதீர்கள். அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். கேட்டதில் ஒன்றையாவது ஒரு மாதத்துக்குள் மாற்றிக் காட்டுங்கள். மாற்ற முடியாத வேலை என்றால், ஹதீஸில் சொன்னபடி நீங்களும் கூட நின்று கை கொடுங்கள். உண்மையிலேயே நோயாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதற்கு விடுப்புக் கொடுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் போனபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்வதாக இது என்னிடம் முறையிடுகிறது, இதன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள் (கருத்து; நூல்: அபூதாவூத்). பேசத் தெரியாத ஒட்டகத்துக்குக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது. பேசத் தெரிந்தும் பேச முடியாமல் நிற்கும் மனிதர்கள் நம் கடைகளிலும் படகுகளிலும் இருக்கிறார்கள். மறுமையில் அவர்கள் பேசுவார்கள், அப்போது கேட்பவன் அல்லாஹ். அதற்கு முன்பு இங்கேயே நாம் கேட்டுவிடுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ விட்டிருக்கும் மனிதர்களின் உடலையும் உள்ளத்தையும் பேணி நடக்கும் நஸீபைத் தருவாயாக! சக்திக்கு மீறிய சுமையை எங்கள் மீது சுமத்தாதே! எங்கள் கையால் பிறர் மீது அது சுமத்தப்படுவதை விட்டும் எங்களைக் காப்பாற்றுவாயாக! கடலிலும் சபரிலும் உழைக்கும் எங்கள் பிள்ளைகளை ஈமானோடும் நிம்மதியோடும் கரை சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.